வளவுக்குள் கோழி, ஒழுங்கைக்கு ஒரு விதி: கல்முனைக் கரையின் கோழி வளர்ப்பு

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கும் நிலப்பரப்பு, கிழக்கே கடலுக்கும் மேற்கே நெல் வயல்களுக்கும் இடையில் ஒடுங்கிய மணற்பாங்கான பகுதியாகும். 2001 ஆம் ஆண்டில் மாநகர சபையாகத் தரமுயர்த்தப்பட்ட கல்முனையின் எல்லைக்குள், 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டுக் காலத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழ்ந்தனர். இருபுறமும் கடலும் வயலும் மறித்து நிற்பதால், நகரம் அகலத்தில் விரிய வழியின்றி, இருக்கும் வளவுகளைத் துண்டாடியும் மாடிமேல் மாடி எழுப்பியுமே வளர்ந்து வந்திருக்கிறது. வளவு என்று இப்பகுதியார் வழங்குவது வீடும் கிணறும் தென்னையும் முருங்கையும் சேர்ந்த, வேலியோ மதிலோ சூழ்ந்த குடியிருப்பு நிலத்தை. அந்த நிலம் எவ்வளவு சுருங்கினாலும் அதன் பின்மூலையில் ஒரு கோழிக்கூடு இருப்பது இவ்வூர்களில் இன்றும் வழமையாகவே உள்ளது.

மேலை நாட்டு நகரங்கள் பலவற்றில் வீட்டுக் கோழி பற்றிய விவாதம் எதிர்த்திசையில் நடந்தது. அங்கே சட்டத்தால் வெளியேற்றப்பட்டிருந்த கோழியை மீண்டும் நகருக்குள் அனுமதிப்பதா என்பதே கேள்வியாக இருந்தது. கனடாவின் வன்கூவர் நகரம் 2010 ஆம் ஆண்டில், வீடொன்றுக்கு 4 பெட்டைக் கோழிகள் வரை, சேவல் இன்றி, பதிவு செய்து வளர்க்கலாம் என்று விதி வகுத்தது. கல்முனையில் கோழியை யாரும் வெளியேற்றவில்லை; கோழி மேய்ந்த இடத்தின் மேல் நகரம் வந்து அமர்ந்துவிட்டது. அதனால் இங்கே கேட்கப்பட வேண்டியது அனுமதி பற்றிய கேள்வியன்று. நீண்ட காலமாக எழுதாத வழக்காக நடந்துவந்த ஒன்றை, இத்துணை நெருக்கமான குடியிருப்பில், அயலாரும் ஏற்கும் ஒழுங்குக்குள் கொண்டுவருவது எவ்வாறு என்பதே இங்குள்ள கேள்வி.

இந்தக் கரையின் கோழி வளர்ப்பை விளங்கிக்கொள்ள முதலில் நிலவுரிமையை நோக்க வேண்டும். கிழக்கிலங்கையின் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் மணமகன் மணமகளின் வீட்டுக்குச் சென்று குடியேறும் வழக்கமும், பெற்றோர் தம் வீட்டையும் வளவையும் பெண் மக்களுக்கே சீதனமாக எழுதிக்கொடுக்கும் வழக்கமும் உண்டு. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு நெடுங்காலம் களஆய்வு நடத்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இத்தாய்வழிக் குடிமுறையையும் சீதன வீட்டு முறையையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இம்முறைக்குக் கோழியோடு தொடர்புடைய இரண்டு விளைவுகள் உள்ளன. ஒன்று, வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருப்பதால் வளவில் வளர்வதும் அவளுடைய பொறுப்பிலேயே இருக்கிறது. முட்டை விற்ற காசை எதற்குச் செலவிடுவது, எந்தக் கோழியை அடை வைப்பது, எதை அறுப்பது என்பதைப் பெரும்பாலும் அவளே தீர்மானிக்கிறாள். கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை போன்ற ஊரில், தறியோடு வீட்டிலேயே இருந்து உழைக்கும் பெண்ணுக்குக் கோழி வெளியே போகாமல் கிடைக்கும் இரண்டாவது சிறு வருவாயாகும். மற்றொன்று, மூன்று பெண் மக்கள் உள்ள வீட்டில் வளவு மூன்றாகப் பிரிகிறது. அடுத்த தலைமுறையில் அத்துண்டுகள் மேலும் பிரிகின்றன. பாட்டியின் காலத்தில் வேலிக்குள் சுதந்திரமாக மேய்ந்த கோழிக்கு, பேத்தியின் காலத்தில் அயல்வீட்டு முற்றத்தைத் தவிர மேய இடமில்லை. பெண்ணுக்கு உடைமையைத் தரும் அதே வழக்கம்தான் கோழியின் இடத்தையும் குறுக்குகிறது. இந்நகரின் கோழிச் சச்சரவுகளுக்கு அடியில் இருப்பது இதுவே.

2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலை இந்த நெருக்கத்தை மேலும் கூட்டியது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. 10,000 க்கும் மேற்பட்டோர் இங்கு மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடற்கரை வீதிகள் அழிந்தன. கடலோரத்தில் மீளக் கட்டத் தடை விதிக்கப்பட்டதால், வீடிழந்தோரில் ஒரு பகுதியினர் புதிய வீட்டுத் திட்டங்களுக்கும், கல்முனையின் கிரீன்பீல்ட் போன்ற தொடர்மாடிக் குடியிருப்புகளுக்கும் இடம்பெயர்ந்தனர். மணல் முற்றமும் கிணறும் கோழியுமாக வாழ்ந்தவர்களுக்கு மாடிப்படியும் பொதுநடையும் வாய்த்தன. புனர்வாழ்வுத் திட்டங்கள் கூரையைக் கணக்கில் எடுத்த அளவுக்கு வளவைக் கணக்கில் எடுக்கவில்லை என்று கூறுவது தவறாகாது.

இப்பின்னணியில் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வீட்டுக் கோழியின் தேவையை நாடு முழுவதற்கும் நினைவூட்டியது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் சோள விளைச்சல் வீழ்ந்ததும், அந்நியச் செலாவணி இன்மையால் தீவன மூலப்பொருள்களை வரவழைக்க முடியாமற் போனதும் கோழிப் பண்ணைகளை முடக்கின. நுகர்வோர் விவகார அதிகார சபை 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாவும் சிவப்பு முட்டைக்கு 45 ரூபாவும் உச்ச விலையாக விதித்தும் தட்டுப்பாடு தீரவில்லை. 2023 மார்ச்சில் அரச வர்த்தகக் கூட்டுத்தாபனத்தின் ஊடாக இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. இவற்றுக்கு முன், 2022 ஜூனில், அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டத்தில் ஈடுபடுவதற்காக வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. அதற்கு முன்னரே, 2011 இல் தொடங்கிய திவிநெகும என்னும் வாழ்வின் எழுச்சித் திட்டம் பத்து இலட்சம் மனைப் பொருளாதார அலகுகளை உருவாக்கும் நோக்கில் வீட்டுக் கோழி வளர்ப்பையும் ஊக்குவித்திருந்தது. முதலாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்க அரசு, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு கோழி என்ற கணக்கில் வளர்க்குமாறு சுவரொட்டி வெளியிட்டுக் குடிமக்களை வேண்டியதும் இதே வகையைச் சேர்ந்தது. நெருக்கடி வந்தபோதெல்லாம் அரசுகள் கோழி வளர்க்கச் சொல்கின்றன. வளர்க்கும் இடத்துக்கான ஒழுங்கைச் சொல்வதற்கு மறந்துவிடுகின்றன.

வீட்டுக் கோழியால் கிடைப்பதை மிகைப்படுத்தாமல் கணக்கிடுவது நல்லது. ஊர்க்கோழி என்று வழங்கப்படும் நாட்டினக் கோழி ஆண்டில் ஏறத்தாழ 50, 60 முட்டைகளே இடும். பதினைந்து நாள் அளவில் தொடர்ந்து இட்டபின் அடைக்குக் கிடக்கும், 21 நாளில் குஞ்சு பொரிக்கும், பின்னர் குஞ்சுகளோடு திரியும். முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட லேயர் கோழி ஆண்டில் 300 முட்டை வரை இடும். ஆனால் அதற்கு நாளொன்றுக்கு 110 கிராம் அளவில் சமநிலைத் தீவனம் வேண்டும், அதாவது ஆண்டுக்கு ஒரு கோழிக்கு 40 கிலோ. தீவனம் முழுவதையும் கடையில் வாங்கி லேயர் வளர்ப்பவருக்குக் கடை முட்டையைவிடப் பெரிய மிச்சம் எதுவும் வராது. ஊர்க்கோழியோ வீட்டில் மீந்த சோற்றையும் தவிட்டையும் குறுணலையும் தேங்காய்ச் சக்கையையும் முருங்கை இலையையும் கறையானையும் தின்று உயிர்வாழும் ஆற்றல் கொண்டது. ஐந்து கோழி உள்ள வீட்டுக்கு வாரத்தில் ஐந்தாறு முட்டை, பொரித்த குஞ்சுகளில் பருந்துக்கும் காகத்துக்கும் கீரிக்கும் போக மிஞ்சுபவை, பெருநாளுக்கோ விருந்தாளிக்கோ அறுக்க ஒன்றிரண்டு என்பதே அதன் வரவு. நெல் விளையும் மாவட்டம் என்பதால் தவிடும் உமியும் அருகிலுள்ள ஆலைகளிலேயே கிடைப்பது இக்கரைக்குரிய வாய்ப்பு.

சத்துணவு குறித்த ஆய்வுகளையும் இதே நிதானத்தோடு நோக்க வேண்டும். ஈக்வடோரில் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்கு நாளுக்கொரு முட்டை வீதம் ஆறு மாதம் கொடுத்து நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வு, வயதுக்கேற்ற உயரமின்மை 47 வீதம் குறைந்ததாகக் காட்டியது. அதே முறையில் மலாவியில் நடந்த ஆய்வு அத்தகைய பயனைக் காட்டவில்லை. அங்குள்ள குழந்தைகள் ஏற்கெனவே மீன் உண்பவர்களாக இருந்தமை அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. கல்முனையும் மீன் உண்ணும் கரையே. ஆகையால் முட்டை இங்கே அற்புதம் நிகழ்த்தும் என்று எதிர்பார்ப்பதைக் காட்டிலும், கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும் மாரி நாட்களில் மீனுக்கு மாற்றாகக் கைக்கெட்டும் புரதம் என்று அதை மதிப்பதே பொருத்தம்.

கோழி வளர்ப்பில் கேடும் உண்டு, அதன் பெரும்பகுதி கூட்டைப் பொறுத்தது என்பதற்கு எத்தியோப்பியாவில் ஹெடி, ஹிர்வோனன் ஆகியோர் செய்து 2016 இல் வெளியிட்ட ஆய்வு சிறந்த சான்று. கோழி வைத்திருக்கும் வீட்டுக் குழந்தைகள் உயரத்தில் முன்னிற்பதையும், இரவில் கோழியை வீட்டுக்குள்ளேயே அடைக்கும் குடும்பங்களின் குழந்தைகள் பின்னடைவதையும் அவர்கள் கண்டனர். தவழும் குழந்தை எச்சம் பட்ட தரையைத் தொட்டுக் கையை வாயில் வைக்கும்போது கம்பைலோபக்டர், சல்மொனெல்லா போன்ற குடற்கிருமிகள் உட்செல்கின்றன. நோயாக வெளிப்படாவிட்டாலும் குடலின் உட்சுவர் பழுதுபட்டு, உண்ணும் உணவு உடம்பில் சேராமற் போகிறது. கள்ளனுக்கும் கீரிக்கும் அஞ்சிக் குசினியின் மூலையிலோ படிக்கட்டின் கீழோ கூடையைக் கவிழ்த்துக் கோழியை அடைத்து வைக்கும் பழக்கம் இடம் குறுகிய வீடுகளில் உண்டு. கைவிட வேண்டியவற்றில் முதலாவது இப்பழக்கமே. பருவமடைந்த பெண்பிள்ளைக்கு ஊர்க்கோழி முட்டையைப் பச்சையாக நல்லெண்ணெயோடு குடிக்கக் கொடுக்கும் வழக்கமும் கிழக்கில் உண்டு. அதே கிருமிகளைக் கருதி முட்டையை அவித்துக் கொடுப்பதால் அந்தக் கவனிப்பின் அன்பு எதுவும் குறைந்துவிடாது.

நல்ல கூடு எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை இக்கரையின் காலநிலையே கற்பிக்கிறது. வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வெப்பத்தையும் புழுதியையும் கொண்டுவரும். வியர்வைச் சுரப்பி இல்லாத கோழி வாயைப் பிளந்து மூச்சிரைத்தே தன் உடற்சூட்டைத் தணிக்க வேண்டியிருப்பதால், தகரத்தால் நாற்புறமும் மூடிய கூடு அதற்கு உலைபோலாகிவிடும். கார்த்திகை, மார்கழி மாரியில் மணல் நிலத்திலும் நீர் தேங்கும். எனவே நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கால்கள் நிறுத்தி, கமுகஞ் சலாகையால் விரல் அகல இடைவெளி விட்டுத் தளம் அடித்து, பக்கங்களுக்குக் கம்பிவலையும் மேலே கிடுகும் இட்ட கூடு இங்கே ஏற்றது. கோழியொன்றுக்கு இரண்டு முதல் மூன்று சதுர அடி இருந்தால் இரவுக்குப் போதும். தளத்தின் இடைவெளி வழியே விழும் எச்சத்தை ஏற்க, கீழே நான்கு விரற்கடை அளவுக்கு உமி பரப்ப வேண்டும். கோழி எச்சத்தில் யூரிக் அமிலமாக இருக்கும் நைதரசன், ஈரம் பட்டால் நுண்ணுயிர்களால் சிதைந்து அமோனியா வாயுவாகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, கோழியின் இயல்பான மணமன்று, கூட்டில் ஈரம் தங்கியிருப்பதன் அறிகுறி. உமி உலர்ந்திருக்கும்வரை நெடி எழாது. வெப்ப நாடுகளில் வீட்டு ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக ஒரு வாரமோ பத்து நாளோ எடுப்பதால், வாரத்தில் இரு தடவை உமியை அள்ளி மாற்றினால் ஈயின் வளர்ச்சி இடையில் அறுந்துவிடும். அள்ளிய உமியை மண்மூடி மக்கவைத்தபின் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம். பச்சையாக இட்டால் வேர் கருகும்.

தண்ணீர்ப் பாத்திரம் சிறு பொருள். ஆனால் இக்கரையில் அதுவே பெரிய வழக்குக்குக் காரணமாகக்கூடும். கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சிரட்டையும் பழைய ரின்னும் டெங்கு நுளம்பு முட்டையிடத் தோதான இடங்கள். வீடு வீடாகச் சோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது மக்கள் பீ.எச்.ஐ. என்று அழைக்கும் அலுவலர், முதலில் நோக்குவதும் இத்தகைய பாத்திரங்களையே. நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருப்பதால் நீரை ஊற்றிவிட்டு நிரப்புவது போதாது. நாள்தோறும் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். சிந்திய தீனி எலியை அழைக்கும், எலி எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும், எலியையும் முட்டையையும் தேடிச் சாரைப் பாம்பு வரும் என்பதால் இரவில் தீனியைக் கூட்டில் விட்டுவைப்பதும் ஆகாது. கூடு கிணற்றுக்கு அண்மையில் இருக்கக்கூடாது என்பது இம்மணல் நிலத்தில் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. இங்கே நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. மணல் நீரை வடிகட்டும் வேகத்தைவிட உள்ளே விடும் வேகம் அதிகம். மலசலகூடக் குழிகளால் ஏற்கெனவே தொல்லைப்படும் கிணறுகளுக்கு எச்சத்தின் நைத்திரேற்றும் சேர்வது நல்லதன்று.

தீனி பற்றி மார்க்கச் சட்டமும் ஒரு கருத்தைக் கூறுகிறது. அசுத்தத்தைத் தின்று அதன் வாடை இறைச்சியில் ஏறிய பிராணியை இஸ்லாமியச் சட்டநூலார் ஜல்லாலா என்று வகைப்படுத்துவர். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபிஈ வழியில் அதை உண்பது வெறுக்கத்தக்கதாக, அதாவது மக்ரூஹ் என்று கருதப்படும். நபித்தோழர் இப்னு உமர் அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்து வைத்ததாக அறிவிப்பு உண்டு. அடைத்துச் சுத்தமான தீனி கொடுத்தபின் அறுக்கும் வழக்கத்துக்கு அது ஆதாரம். வடிகானில் மேயும் கோழியைக் குறித்து இன்றைய சுகாதாரத் துறை கவலைப்படும் அதே விடயத்தை நெடுங்காலத்துக்கு முன்னரே ஒரு மரபு கவனித்திருக்கிறது. ஆதலால் கோழியை அடைத்து வளர்க்க வேண்டும் என்று கூறும் விதி இவ்வூர் மக்களுக்கு வெளியிலிருந்து திணிக்கப்படுவதாகத் தோன்ற வேண்டியதில்லை. கரைவலையிலிருந்து வரும் மீன் கழிவைக் கொடுத்தால் முட்டையில் மீன் வாடை வரும் என்பதையும், உப்பேறிய கருவாட்டுத் துண்டு கோழிக்கு நஞ்சாகக்கூடும் என்பதையும், பூஞ்சணம் பிடித்த அரிசி ஈரலைக் கெடுக்கும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

சேவலின் கூவலே மிகக் கடினமான விடயம். முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. பெட்டை தனித்திருந்தாலும் இடும், அம்முட்டை பொரிக்காது, அவ்வளவே. நியூயோர்க் நகரம் பெட்டையை அனுமதித்துச் சேவலைத் தடைசெய்திருப்பது இந்த அடிப்படையிலேயே. எனினும் அவ்விதியை அப்படியே இங்கே பெயர்த்துவைக்க முடியாது. அந்நகரத்தார் குஞ்சைப் பொரிப்பகத்தில் வாங்குகின்றனர், கல்முனைப் பெண்கள் குஞ்சை அடைவைத்துப் பெறுகின்றனர். சேவல் அற்றுப்போனால் ஊர்க்கோழி இனமே சில ஆண்டுகளில் அற்றுப்போய், வளவுகள் லேயர் குஞ்சு விற்பவரை நம்பியிருக்க நேரும். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிம்முரா, யொஷிமுரா ஆகியோர் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, சேவல் விடியலின் ஒளியைக் கண்டு கூவுவதன்றி உடலுக்குள் இயங்கும் கடிகாரத்தைக் கொண்டு விடியலை முன்னறிந்தே கூவுகிறது என்று நிறுவியது; எனினும் வெளிச்சமும் ஓசையும் அதைக் கூடுதலாகத் தூண்டும் என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. வீதி விளக்கின் ஒளி படும் கூட்டில் சேவல் நள்ளிரவிலும் கூவக் காரணம் இதனால் விளங்கும். விளக்கொளி புகாதபடி சேவலின் கூட்டைச் சாக்கினால் மூடி, சுபஹ் தொழுகைக்குப் பின் திறந்துவிடுவது கூவலை ஒழிக்காது. ஆனால் நோயாளியும் கைக்குழந்தையும் உறங்கும் நேரத்தில் அதைக் குறைக்கும். ஓர் ஒழுங்கைக்கு, அதாவது ஒரு சிறு தெருவுக்கு, ஒரு சேவல் போதுமானது. பத்து வீட்டில் பத்துச் சேவல் வைத்திருப்பதற்கு இனப்பெருக்கக் காரணம் எதுவுமில்லை.

பிரான்ஸில் ஒலெரோன் தீவைச் சேர்ந்த மொரிஸ் என்னும் சேவலின் கூவலை எதிர்த்து அயலார் தொடுத்த வழக்கு 2019 செப்டெம்பரில் சேவலின் உரிமையாளருக்குச் சார்பாக முடிந்தது; 2021 ஜனவரியில் அந்நாடு கிராமப்புறத்தின் ஓசைகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்கும் சட்டத்தை இயற்றியது. கிராமத்துக்குப் பொருந்தும் அத்தீர்வு, மதிலோடு மதில் ஒட்டிய நகருக்குப் பொருந்தாது. இங்கே கூவலைக் காப்பதைவிட அயலாரின் உறக்கத்தைக் காப்பதே முதன்மை பெற வேண்டும். அயலவரின் உரிமையை இஸ்லாம் எத்துணைக் கடுமையாக வலியுறுத்துகிறது என்பது இவ்வூர்களில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதன்று.

இலங்கைச் சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமலில்லை. 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், தன் எல்லைக்குள் பொதுச் சுகாதாரத்தையும் மக்களின் வசதியையும் நலனையும் பேணும் பொறுப்பை மாநகர சபையிடம் ஒப்படைத்து, அதற்கான துணைவிதிகளை ஆக்கும் அதிகாரத்தையும் வழங்குகிறது. துணைவிதி என்பது நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றம் தன் ஊருக்கென இயற்றும் சட்டம். அது உரிய அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியான பின்னரே நடைமுறைக்கு வரும். 1862 ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டமும், பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிட வழிசெய்யும் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் உள்ளன. நோய் பரவும் வேளையில் 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் கால்நடை வைத்தியர்களுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆயினும் தொல்லை பற்றிய சட்டங்கள் முறைப்பாடு வந்தபின் விழிப்பவை. எத்தனை கோழி, மதிலிலிருந்து எவ்வளவு தூரம், சேவல் எப்போது என்று முன்கூட்டியே அறிந்து நடக்க விரும்பும் பெண்ணுக்கு அவை எதையும் சொல்வதில்லை. அதனால் பிணக்கு முதலில் மதிலுக்கு மேலான வாய்ச்சண்டையாகி, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்குப் போய், அங்கும் தீராவிட்டால் 1988 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபையை அடைகிறது. கோழிக்காகத் தொடங்கிய பகை இரு குடும்பங்களின் கல்யாண வீடு, மையித்து வீடு வரை நீள்வது இழப்பு.

துணைவிதிக்கு நீண்ட வாசகம் தேவையில்லை. ஐந்தாறு கோழி வரை எந்த அனுமதியும் கட்டணமும் இன்றி வளர்க்கலாம் என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். அவ்வாறின்றி உரிமம், கட்டணம் என்று தொடங்கினால் சுமை விழுவது மிக ஏழையான பெண்ணின் மேலேயே. அதற்கு மேற்பட்ட எண்ணிக்கைக்கு இடத்தைப் பார்த்து அனுமதி வழங்கலாம். இரவுக் கூடு வீட்டுக்கு வெளியே, கிணற்றுக்கும் அயல்வீட்டு யன்னலுக்கும் விலகி இருத்தல், கோழி வேலி தாண்டாமை, எச்சத்தையும் அறுத்த கழிவையும் வடிகானிலோ கடற்கரையிலோ கொட்டாமை என்பவை நிபந்தனைகளாகலாம். தொடர்மாடிகளின் பல்கனியில் கோழி வளர்ப்பதை அனுமதிப்பது கோழிக்கும் நல்லதன்று, கீழ்மாடியில் உள்ளவருக்கும் நல்லதன்று; ஆனால் அக்குடியிருப்புகளின் பொதுநிலத்தில், பல குடும்பங்கள் முறைவைத்துப் பார்க்கும் பொதுக்கூட்டுக்கு இடம் ஒதுக்குவது ஆழிப்பேரலையில் வளவை இழந்தவர்களுக்குச் செய்யத்தக்க சிறு ஈடாகும். இவ்விதியை இயற்ற வேண்டிய சபையே இன்று மக்கள் பிரதிநிதிகள் இன்றி இருந்துவருவது வருந்தத்தக்கது: உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தபின், 2025 மே 6 ஆம் நாள் நடந்த தேர்தலிலும் நீதிமன்றத் தடையால் கல்முனையில் வாக்கெடுப்பு நடைபெறவில்லை. எனவே துணைவிதி ஒன்றுக்காகக் காத்திராமல் இப்போதே செய்யக்கூடியவற்றில் தலையானது தடுப்பூசி.

வீட்டுக் கோழிக்கு இப்பகுதியில் வரும் பெரும் அழிவு ராணிக்கெட் நோய். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1926 இல் இனங்காணப்பட்டதால் நியூகாசில் நோய் என்றும், அதையொட்டி இந்தியாவின் ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இப்பெயராலும் வழங்கும் இந்த வைரசு நோய், கழுத்து முறுக்கியும் கால் சோர்ந்தும் பச்சை நிறமாகக் கழிந்தும் சில நாட்களில் கூட்டையே வெறுமையாக்கிவிடும். மருந்தில்லாத இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு, விலையும் குறைவு. ஆயினும் அது பெரும்பாலும் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ போதுமான அளவுள்ள குப்பிகளிலேயே வருகிறது. கரைத்த பின் ஓரிரு மணி நேரத்தில் பயன்படுத்தி முடிக்க வேண்டும், குளிரிலும் வைத்திருக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் பெண் தனியாக ஒரு குப்பி வாங்கினால் தொண்ணூற்றைந்து பங்கு வீணாகும் என்பதால் அவள் வாங்குவதில்லை; அவளுடைய கோழி மாள்வதோடு, வேலி தாண்டி அயல்வீட்டுக் கோழிக்கும் நோய் தொற்றுகிறது. இருபது வீடுகள் சேர்ந்தால் ஒரு குப்பி சரியாகக் கணக்கு வரும். கால்நடை வைத்திய அலுவலகத்தின் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் குறித்த நாளில் ஓர் ஒழுங்கைக்கு வருவார் என்று பள்ளிவாசலில் அறிவித்து, கோழிகள் கூட்டை விட்டு இறங்குமுன் விடியற்காலையில், வீடு வீடாகக் கண்ணில் ஒரு துளி இட்டுச் சென்றால் ஒரு காலைப்பொழுதில் அந்த ஒழுங்கை முழுவதும் காக்கப்படும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை இதை மீளச் செய்ய வேண்டும்.

இந்த வருகையே கணக்கெடுப்பாகவும் அமையும். பிரித்தானியாவில் 2024 ஆம் ஆண்டிலிருந்து, ஒரேயொரு கோழி வைத்திருப்பவரும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்ததற்குக் காரணம், பறவைக் காய்ச்சல் பரவும்போது கோழி எங்கெங்கே உள்ளது என்று அறியாமல் அதைத் தடுக்க முடியாது என்பதே. இந்தியாவில் 2006 இல் மகாராட்டிரத்தின் நவாபூரில் முதன்முதலாக வெளிப்பட்ட எச்5என்1 வைரசு, 2014 இல் கேரளத்தின் ஆலப்புழைப் பகுதி வாத்துகளிடையே பரவியது. ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வந்திறங்கும் களப்புகளும் வயல்களும் அருகே உள்ள கல்முனைக் கரை அந்த ஆபத்துக்கு அப்பாற்பட்டதன்று. யார் வீட்டில் எத்தனை கோழி என்பதை அலுவலகம் கட்டளையிட்டுக் கேட்டால் மக்கள் குறைத்தே சொல்வர். தடுப்பூசித் துளியோடு வருபவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதை யாரும் மறுக்கமாட்டார்கள்.